ஹாம் நகரத்துக் காமாட்சி

அம்பத்தூரிலிருந்து மாங்காட்டிற்கு நாங்கள் செல்லும் வழி எப்போதும் ஒன்றுதான். தொழிற்பேட்டையைக் கடந்து, அயனம்பாக்கம் வழியாக வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். வேலப்பன்சாவடி வந்ததும் வலப்புறம் திரும்பிப் பார்த்துத் திருவேற்காட்டுக் கருமாரியம்மனுக்கு ஒரு கும்பிடு. பிறகு குமணன்சாவடியில் இடப்புறம் திரும்பினால் மாங்காடு. இப்போது மெட்ரோ ரயில் தூண்கள் நடுவில் எழுந்து, அந்தச் சந்திப்பே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஆயினும் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டே எந்த இடத்தில் வண்டி திரும்புகிறது என்று சொல்லிவிடுவாள். அத்தனை முறை சென்றிருக்கிறாள்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் குழந்தைப் பேறு இல்லை. பார்க்காத வைத்தியமில்லை. மாங்காட்டு அம்மனை ஆறு வாரம் தொடர்ந்து தரிசிப்பதாக வேண்டிக்கொள் என்று அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் கூற, என் மனைவி அவ்வாறே செய்தாள். 2000ஆம் ஆண்டில் மகள் பிறந்தாள். இதை நான் அற்புதம் என்று எழுத முற்படவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த ஆறு வார வழிபாட்டை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். வாரத்தின் எந்தக் கிழமையில் தொடங்குகிறோமோ அதே கிழமையில் ஆறு வாரமும் இடைவிடாமல் செல்ல வேண்டும். அம்மனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டு சென்று, அர்ச்சகர் திருப்பித் தரும் ஒரு பழத்தை வீட்டில் பூஜையறையில் வைத்திருந்து, அடுத்த வாரம் புதுப் பழத்துடன் அதையும் எடுத்துச் செல்வது வழக்கம். நான் வங்கியில் இருந்த காலத்தில் தவணை தவறாத வாடிக்கையாளர்கள் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் எவரும் இந்த ஆறு வாரக்காரப் பெண்மணிகளுக்கு இணையாகமாட்டார்கள்.

மாங்காட்டில் அம்பிகை தவக்கோலத்தில் இருப்பவள். ஐந்து அக்கினிகளின் நடுவே இடக்காலின் கட்டைவிரலை ஊன்றி, வலக்காலை மடித்து, வலக்கரத்தைச் சிரசுக்கு மேல் உயர்த்தி ஜபமாலையுடன் நிற்கும் அந்தக் கோலத்தை ஒருமுறை கண்டவர் மறக்கவியலாது. அந்தத் தவத்தின் உக்கிரம் தணிய ஆதிசங்கரர் அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தைப் பிரதிஷ்டை செய்தார் என்பது தலவரலாறு. எட்டு மூலிகைகளால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது. குங்கும அர்ச்சனை மட்டுமே. தவம் நிறைவுற்றபின் அம்பிகை இங்கிருந்து காஞ்சிக்குச் சென்று ஏகாம்பரநாதரை மணந்தாள் என்பர். தங்கையின் திருமணச் சீராகக் கணையாழியைக் கையில் ஏந்திய அண்ணன் வைகுந்தப் பெருமாளும் அருகிலேயே கோயில் கொண்டிருக்கிறார். ஊரை விட்டு ஊர் செல்லும் பெண்பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சந்நிதி வேறெது என்று என் மனைவி கேட்பாள்.

மகள் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆகென் நகருக்குச் சென்றாள். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1870ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நம்மூர் மாணவர் பலர் அங்கே பயில்கின்றனர். அந்நாட்டு விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் செலுத்த வேண்டும். அந்த ஆண்டில் அது 11,904 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ பதினொரு லட்சம் ரூபாய். மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கவியலும். பிள்ளைகள் முதல் மாதமே கையைச் சுட்டுக்கொள்ளாமலிருக்க நல்ல ஏற்பாடு என்று ஓர் அதிகாரியாக நான் மெச்சினேன். தந்தையாக, ஓய்வுக்கால வைப்புத்தொகைகளில் இரண்டை முதிர்வுக்கு முன்னரே உடைத்தேன்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மீண்டும் ஆறு வாரத்தைத் தொடங்கினாள். மகள் அங்கே நல்லபடியாக ஊன்ற வேண்டும் என்பது வேண்டுதல். ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் மகளிடம் பேசும்போது, ‘இன்று இரண்டாவது வாரம் ஆயிற்று’, ‘இன்று மூன்றாவது’ என்று கணக்குச் சொல்வாள். மகளும், ‘எனக்கு எல்லாம் சௌகரியமாக இருக்கிறது அம்மா, விடுதியில் அறை கிடைத்துவிட்டது’ என்பாள்.

ஐந்தாவது வாரம் முடித்து வந்த மறுநாள் காலை, வாசல் தெளித்துவிட்டுத் திரும்பியவள் ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பில் முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் மருத்துவர். ஆறு வாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அழுதது வலியால் அன்று.

மகளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தான். தேர்வுக்குப் படிக்கும் பெண், அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்யவியலும்? பேசும்போது முகம் மட்டும் தெரியுமாறு கைபேசியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கணக்குகளில் மறைக்கப்பட்டவற்றைத் தேடிய எனக்கு, மறைப்பது இவ்வளவு எளிதாக வந்தது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையன்று என் தங்கை மகன் அவளுடன் பேசுகையில், ‘அத்தைக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது?’ என்று இயல்பாகக் கேட்டுவிட்டான்.

இதன் பிறகு நடந்ததை மகள் தொலைபேசியில் துண்டு துண்டாகவும், அடுத்த ஆண்டு விடுமுறையில் வந்தபோது விரிவாகவும் கூறினாள். அவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த வார இறுதியில் அவளும் நண்பர்கள் மூவரும் கொலோன் நகரைச் சுற்றிப் பார்ப்பதாக முன்பே திட்டமிட்டிருந்தனர். ஒருத்தி விஜயவாடாவைச் சேர்ந்தவள். ஒருவன் நேபாளத்துப் பையன். மற்றொருத்தி ஜெர்மானியப் பெண், வகுப்புத் தோழி. ஆகெனிலிருந்து கொலோன் செல்லும் வட்டார ரயில் அங்கேயே நின்றுவிடுவதில்லை. டுசல்டார்ஃப், எஸன், டார்ட்மண்ட் என்று தொழில் நகரங்களைத் தொட்டுக்கொண்டு ஹாம் என்னும் ஊரில் போய் நிற்கும். அந்த ஹாம் நகரில் காமாட்சிக்குக் கோயில் உண்டு என்பதை மகள் கேள்விப்பட்டிருந்தாள். ‘கொலோனில் இறங்காமல் கடைசி நிலையம் வரை என்னுடன் வருவீர்களா?’ என்று சனிக்கிழமை மாலை நண்பர்களைக் கேட்டாளாம். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. ‘வருகிறோம்’ என்றார்கள். அந்த வயதின் நட்புக்கே உரிய பெருந்தன்மை அது.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. எனவே சனிக்கிழமை இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஓடிப்போய், வலைப்பையில் போட்டு விற்கும் பெரிய எலுமிச்சம்பழங்களை வாங்கி வைத்தாள். நம்மூர்ப் பழம் போல உருண்டையாக இல்லை, இரண்டு முனையும் கூராக, தோல் தடித்து இருந்தது. அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று சந்தேகமாக இருந்தது என்றாள். பழத்தைப் பற்றிய சந்தேகம் அவளுக்குத் தாயிடமிருந்து வந்தது.

மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்துடன் சேர்த்தே ஒரு பயணச்சீட்டு கொடுத்துவிடுகிறார்கள். வட்டார ரயில்களில் தனிக் கட்டணமின்றிச் செல்லலாம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். கொலோன் நிலையத்தை ஒட்டியே, 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களுடன் அந்நகரத்துப் பேராலயம் நிற்கிறது. வண்டி அங்கே நின்றபோது நேபாளப் பையன் சன்னல் வழியே அதைப் படம் எடுத்துக்கொண்டு, ‘இதைப் பார்த்தாயிற்று’ என்று கூறி உட்கார்ந்துவிட்டான். உடனே ரைன் நதிப் பாலம். மகளுக்கு எதுவும் மனத்தில் பதியவில்லை.

ஹாமில் இறங்கினால் கோயில் அருகில் இல்லை. நகருக்கு வெளியே ஊன்ட்ரோப் என்னும் பகுதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் பேருந்துகள் குறைவு. காத்திருந்து ஒன்றைப் பிடித்து, பாதி வழியில் இறங்கி, தூறலில் அரை மணி நேரம் நடந்திருக்கிறார்கள். நவம்பர் மாதக் குளிர். இருபுறமும் கிட்டங்கிகள், கம்பிவேலி, வரிசையாக நிறுத்தப்பட்ட லாரிகள். ‘நம் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை நடப்பது போலவே இருந்தது அப்பா’ என்றாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. அங்கே ஒரு வங்கிக் கிளையில் நான் ஆறு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். விடுமுறை நாளில் இயந்திரங்கள் ஓய்ந்த அந்தத் தெருக்களில் அவளை மிதிவண்டி பழக அழைத்துச் சென்றதுண்டு. அதை அவள் நினைவில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தக் கிட்டங்கிகளுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த மதில். அதன்மேல் ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்தில் இராஜகோபுரம். ஜெர்மானியத் தோழி நின்றுவிட்டாளாம். அவளுடைய சொந்த ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான்; இப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் எழுந்த வரலாற்றை இங்கே கூற வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தனர். பலர் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர்கள். அவ்வாறு 1985இல் வந்தவர்களில் ஒருவர் சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள். 1989இல் ஹாம் நகரில் ஒரு நிலவறையில் அம்பாளை வைத்து வழிபாட்டைத் தொடங்கினார். 1993இல் முதன்முறையாக அம்பாள் வீதியுலா வந்தாள். ஆண்டுதோறும் கூட்டம் பெருகவே, குடியிருப்புப் பகுதியில் இடம் போதவில்லை. அண்டை அயலாருக்கும் இடையூறு. தொழிற்பேட்டையில் இடம் அமைந்தது. காஞ்சி காமாட்சி ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஹைன்ஸ் ரைனர் ஐக்ஹார்ஸ்ட் என்ற அவ்வூர்க் கட்டடக் கலைஞர் வரைபடம் தயாரிக்க, இந்தியாவிலிருந்து சென்ற சிற்பிகள் சுதை வேலை செய்தனர். 2002ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் குடமுழுக்கு. இன்று ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பெரிய இந்து ஆலயங்களுள் ஒன்று. மே, ஜூன் மாத வாக்கில் நடைபெறும் தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். அருகே ஓடும் கப்பல் போக்குவரத்துக் கால்வாயில் அம்பாளுக்குத் தீர்த்தவாரி நடக்கிறது.

மாங்காட்டில் தவம், காஞ்சியில் திருமணம், பிறகு தன் பிள்ளைகள் உயிர் பிழைக்க ஓடிய இடத்துக்கு அவர்களோடு ஒரு நிலவறைக்குள். தலவரலாற்றில் எவரும் இதை இன்னும் சேர்க்கவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்.

உச்சிக்கால பூஜைக்குச் சற்று முன்னர் உள்ளே சென்றிருக்கிறார்கள். வெளியே நடுங்க வைக்கும் குளிர். உள்ளே வேட்டியுடன் வெற்றுடம்பாகக் குருக்கள்மார். பிள்ளையாரை வணங்கி, அம்பாள் சந்நிதிக்கு வந்து, பழத்தட்டை நீட்டும்போது மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘அம்மாவின் ஆறாவது வாரம்’ என்று மட்டும் சொன்னாளாம். குருக்கள் விளக்கம் ஏதும் கேட்காமல், தாயாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்து, ஒரு பழத்தைத் திருப்பித் தந்தார்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். “எங்கயிருந்து வாறியள் பிள்ளை?” என்று கேட்டவரிடம், ஆகெனிலிருந்து என்றும், சொந்த ஊர் மாங்காட்டுக்குப் பக்கம் என்றும் கூறியதும் அவர் பூவைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாராம். மாங்காட்டைப் படத்தில் மட்டுமே பார்த்தவர் அவர்.

“அந்த நாளையில எங்களுக்குப் பக்கத்து ஊருக்குப் போறதெண்டாலும் கந்தோரில கடிதம் எடுக்கவேணும் பிள்ளை. இல்லாமப் போய்ப் பிடிபட்டால் தண்டம். நீங்கள் ஒரு சீட்டோட நாடு முழுக்கத் திரியிறியள். திரியுங்கோ, திரியுங்கோ.”

தஞ்சம் கோரியவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை அனுமதியின்றித் தாண்டக் கூடாது என்று அந்நாளில் ஜெர்மனியில் சட்டம் இருந்தது. கோயில் என்று கேள்விப்பட்டும் எட்டு மாதம் வரவியலாமல், அனுமதி கிடைத்த அன்று கைக்குழந்தையுடன் வந்ததாக அவர் கூறினார். இந்த அம்மையாரைப் போன்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம்தான் அந்தக் கோபுரம். கடன் விண்ணப்பம் எதிலும் இத்தகைய பிணையை நான் பார்த்ததில்லை.

பேச்சின் முடிவில் அவர் கேட்டார்: “அம்மாவுக்குச் சொல்லிப்போட்டே வந்தனீங்கள்?”

அப்போது அம்பத்தூரில் மாலை ஐந்து மணி. என் மனைவி கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். வழக்கமான நேரத்தில் மாங்காட்டில் இருந்திருக்க வேண்டிய நாள் என்பதால் காலையிலிருந்தே ஒரு சொல்லும் பேசவில்லை. கைபேசி ஒலித்தது. நான் வழக்கம்போல் முகம் மட்டும் தெரியுமாறு பிடித்தேன். திரையில் முதலில் தெரிந்தது கோபுரம்.

“எங்கேம்மா இருக்கிறாய்?”

“காமாட்சி கோயிலில். நீ முதலில் காலைக் காட்டு அம்மா.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைத் தாழ்த்தினேன். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு மகள் சற்று நேரம் பேசவில்லை. கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது வேறு. விடுதியில் அறை கிடைக்கவில்லையாம். ஐந்து வாரமாக விஜயவாடாப் பெண்ணின் அறையில், தரையில் படுக்கை விரித்துத் தூங்குகிறாளாம். வீட்டுக்காரர் வந்தால் மறைவதற்காகப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறாளாம். ‘இரண்டு முறை விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன் அப்பா, திரும்பி வந்துவிடலாமா என்று.’

எனக்குக் கோபம் வந்தது, உண்மை. பதினொரு லட்சம் கட்டி அனுப்பிய பெண் தரையிலா படுப்பது என்று. என் மனைவி கையசைத்து என்னை அடக்கிவிட்டு, “தரையில் கீழே என்ன விரித்துக்கொள்கிறாய்? குளிராதா?” என்று கேட்டாள். பிறகு அந்த விஜயவாடாப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, அவளோடு பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசினாள். நேபாளப் பையன் கும்பிட்டான். ஜெர்மானியப் பெண் நெற்றியில் குங்குமத்துடன் சிரித்தாள். அன்னதானத்துக்கு அழைக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அந்த ஜெர்மானியப் பெண்தான் திரும்பும் ரயிலில் தன் அத்தைக்குத் தொலைபேசியில் பேசி, ஆகெனுக்கு வெளியே அவர் வீட்டு மாடியறையை மகளுக்கு ஏற்பாடு செய்து தந்தாள். ஐந்து வாரமாக உடன் படித்தும், மகளுக்கு இடமில்லை என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. மகள் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு நான் மனைவியிடம், ஆறாவது வாரம் நிறைவேறிவிட்டது என்றேன். முற்காலத்தில் கணக்கு வைத்திருக்கும் கிளையில்தான் பணம் எடுக்க வேண்டும். இப்போது எந்தக் கிளையிலும் கட்டலாம், எந்தக் கிளையிலும் எடுக்கலாம் என்று விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அது அவள் போனது. என் வாரம் பாக்கி இருக்கிறது” என்றாள்.

பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளை நினைவூட்டிப் பார்த்தேன். காஞ்சி வரதருக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர். முதுமையில் அவரால் காஞ்சிக்கு நடக்கவியலாமற்போனபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பது அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயில் தலவரலாறு. “அவர் நம்பிகள். நான் வழுக்கி விழுந்தவள்” என்றாள். அதற்கு மேல் வாதிட நான் பயிற்சி பெறவில்லை.

கட்டுப் பிரித்து, நடை பழகி, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாங்காடு சென்றோம். ஊன்றுகோலுடன் நடந்ததால் வரிசையில் வழிவிட்டார்கள். இடையில் விட்டுப்போனதால் முதல் வாரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டுமா என்று அர்ச்சகரைக் கேட்டாள். அவர் விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஜெர்மனியில் குங்குமம் கொடுத்தார்களா?” என்று மட்டும் கேட்டார். கொடுத்திருக்கிறார்கள், பெண் வரும்போது கொண்டு வருவாள் என்றோம். “வந்ததும் இங்கே ஒரு நாள் அழைத்து வாருங்கள்” என்று சொல்லிப் பழத்தைக் கையில் கொடுத்தார். எண்ணிக்கையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. என் மனைவி தன் பாதுகாப்புக்காக மேலும் ஐந்து வாரம் சென்று வந்தாள்.

மகள் ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தாள். அந்தக் குங்குமப் பொட்டலத்துடன், கறுத்துச் சுருங்கிக் கல்லாகிவிட்ட எலுமிச்சம்பழம் ஒன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அர்ச்சகர் சொன்னபடி மூவரும் மாங்காடு சென்றோம்.

என் மனைவிக்கு இதுவரை பாஸ்போர்ட் இல்லை. எதற்கு, திருப்பதிக்கும் இராமேசுவரத்துக்கும் அது வேண்டாமே என்பாள். சென்ற மாதம் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கச் சொன்னாள். மகளுடன் பேசும்போது, தேர்த் திருவிழா வைகாசியில்தானே வருகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தீர்த்தவாரிக்கு அந்தக் கால்வாயில் படிக்கட்டு இருக்கிறதா, வழுக்குமா என்றும் கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக மகள் கூறியிருக்கிறாள்.